பார்டர் ஊரு பால் சொசைட்டிக்கு ஆப் பண்றப்ப மொழி, டிசைன், புது ட்ரெண்ட் எல்லாம் எப்படி வெக்கறது

தம்பி, படிக்கற மத்தவங்களுக்கும் புரியணும்னு உங்க கேள்விய முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். பாலக்காடு மாவட்டத்துல தமிழ்நாடு பார்டர் ஓரமா இருக்கற கொழிஞ்சாம்பாறை பக்கத்துல ஒரு பால் சொசைட்டிக்கு ஆப் பண்ணிட்டு இருக்கீங்க, மெம்பர்ங்க காலைலயும் சாயங்காலமும் ஊத்தற பாலோட லிட்டர், ஃபேட், காசு எல்லாம் போன்லயே பாக்கணும். இப்ப ட்ரெண்டா இருக்கற ஏஐ சாட், வாய்ஸ், டார்க் மோட், கைரேகை லாகின் இதெல்லாம் சேக்கணுமா, மலையாளமும் இங்கிலீஷும் இருந்தா போதுமா தமிழும் வேணுமான்னு கேட்டிருக்கீங்க. கடைசியா கேட்டீங்க பாருங்க மொழிய பத்தி, நான் அதுல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா மத்த எல்லாத்தையும் முடிவு பண்றது அதுதான்.

முதல் ஸ்க்ரீன்ல மாநிலம் கேக்கறீங்க, கேரளானு தட்டினா மலையாளமும் இங்கிலீஷும் மட்டும் வருது. அத தயவு செஞ்சு எடுத்துடுங்க. ஆளு எங்க இருக்காரோ அதுதான் அவரு மொழின்னு நெனைக்கறது நம்ம பக்கம் சுத்தமா வேலைக்காகாது. வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எல்லாம் ரெவன்யூ கணக்குல கேரளா, பின்கோடு 678ல ஆரம்பிக்கும், ஆனா வீட்டுக்குள்ள பேசறது தமிழ், பசங்க பாதி பேரு தமிழ் மீடியத்துல படிச்சவங்க, பெரியவங்க நிறைய பேருக்கு மலையாளம் பேச வரும் படிக்க வராது. இதுல பார்டர் ஓரமா இருக்கற போன் பாதி நேரம் அந்தப் பக்கத்து டவர புடிச்சிருக்கும், ஐபி அட்ரஸ வெச்சு ஊர கண்டுபுடிச்சா ஒரு நாள் தமிழ்நாடுனு சொல்லும் ஒரு நாள் கேரளானு சொல்லும். ஒரு ஆப்ல நானே பாத்திருக்கேன், பின்கோடு போட்டதும் மொத்த ஸ்க்ரீனும் மலையாளமா மாறிடுச்சு, திரும்ப மாத்தற இடம் செட்டிங்ஸ்குள்ள மூணாவது அடுக்குல இருக்கு, அங்க போறதுக்கும் மலையாளம் படிக்கத் தெரியணும். ஆந்திரா பார்டர்ல நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் இருக்கற தமிழ்க்காரங்களுக்கு இதே தொல்லை தெலுங்குல வருது.

சரி போன்ல வெச்சிருக்கற மொழிய எடுத்துக்கலாமான்னு கேப்பீங்க. பிரவுசர் ஆக்செப்ட்-லேங்குவேஜ்னு ஒரு ஹெட்டர் அனுப்பும், போன்ல என்ன மொழி செட் பண்ணிருக்கோ அது அதுல வரும், ஐபிய விட இது எவ்வளவோ மேல். ஆனா நம்மூர்ல போன் வாங்கறப்ப கடைக்காரர் இங்கிலீஷ்ல வெச்சு குடுத்தது அப்படியே கெடக்கும். அதனால அதையும் ஒரு யூகமா வெச்சுக்கலாமே தவிர முடிவா எடுத்துக்கக் கூடாது, ஆளக் கேட்டுடறதுதான் சரி. ஒவ்வொரு மொழியோட பேரையும் அதோட சொந்த எழுத்துலயே எழுதுங்க, கொடி படம் போடாதீங்க, மாத்தற பட்டன எல்லா ஸ்க்ரீன்லயும் ஒரே மூலைல வைங்க, லாகின் பண்ணாமயே மாத்த முடியணும்.

இத விட முக்கியமா ஒண்ணு. மொழிய போனோட கட்டாதீங்க, ஆப்போட கட்டாதீங்க, மெம்பர் ரெக்கார்டோட கட்டுங்க. உங்க சொசைட்டில செக்ரட்டரி மலையாளத்துல கணக்கு எழுதறவரு, டிபார்ட்மெண்ட்ல இருந்து ஆடிட்டுக்கு வர்றவருக்கு மலையாளத்துல ரிப்போர்ட் வேணும், ஆனா பால் ஊத்த வந்து நிக்கற அம்மாவுக்கு தமிழ்ல ஸ்லிப் வேணும், அவங்களுக்குப் பின்னாடி நிக்கறவருக்கு மலையாளம். ஒரே மெஷின், ஒரே என்ட்ரி, வெளிய வர்றது மட்டும் ஆளுக்கு ஆள் வேற. அப்படி வரணும்னா டேட்டாபேஸ்ல எந்த வார்த்தையும் மொழியோட சேத்து வெக்கக் கூடாது, காலை வேளைன்னா ஒரு குறியீட்டு நம்பர், பசும்பால்னா ஒரு குறியீட்டு நம்பர், தேதியும் தொகையும் வெறும் நம்பர், காட்டற நேரத்துல மெம்பரோட மொழிய பாத்து எழுத்தா மாத்திக்கணும். இத ஆரம்பத்துலயே செஞ்சா ஒரு நாள் வேலை, ஆப் ஓட ஆரம்பிச்சப்பறம் செய்யப் போனா மொத்தத்தையும் பிரிச்சு கட்டணும். சட்டமும் இந்தப் பக்கம்தான் இருக்கு, கேரளாவோட 1969ம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்துலயே தமிழ், கன்னடம் பேசற சிறுபான்மைக்காரங்க அரசாங்கத்தோட அவங்க மொழியிலயே கடிதப் போக்குவரத்து வெச்சுக்கலாம்னு இருக்கு. ஒரு சொசைட்டி ஸ்லிப் தமிழ்ல வர்றது யாரும் சலுகையா நெனச்சு குடுக்க வேண்டியது இல்ல.

தமிழ் போடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா வெறும் ட்ரான்ஸ்லேஷன் ஃபைல் சேத்தா முடிஞ்சுடாது. மீனாட்சிபுரம்னு எழுதினா நம்ம கண்ணுக்கு 7 எழுத்து, கம்ப்யூட்டர் எழுத்துக்கு நம்பர் குடுக்கற யூனிகோடு முறைல 13 கோட் பாயிண்ட் (அதாவது 13 நம்பர்), ஏன்னா கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். பேர் கட்டத்துக்கு 20னு லிமிட் வெச்சா இங்கிலீஷ்ல தாராளமா இருக்கும், தமிழ்ல ஊர் பேரும் வீட்டுப் பேரும் சேந்து வந்தா பாதில நின்னுடும். நீளமா இருக்குன்னு கோட்ல நடுவுல வெட்டினீங்கன்னா புள்ளி போயி 'ம்' வந்து 'ம' ஆயிடும், பேரே மாறிடும், அதனால எழுத்துக் கூட்டமா பாத்து வெட்டற செக்மெண்டர யூஸ் பண்ணுங்க, இப்ப எல்லா பெரிய பிரவுசர்லயும் இருக்கு. அகர வரிசைல அடுக்கறதும் அப்படித்தான், யூனிகோடு வரிசைல ன வந்து ந பக்கத்துலயே உக்காந்திருக்கும், ஜ வந்து ச பக்கத்துல இருக்கும், நம்ம வரிசைல ன கடைசி, அதனால தமிழ் கொலேஷன்னு (தமிழ் அகர வரிசைப்படி அடுக்கற விதி) சொல்லி அடுக்கணும் இல்லைனா செக்ரட்டரி லிஸ்ட்ல ஆள தேடிட்டே இருப்பாரு. (பேர வெச்சு தேடறதையே ரெண்டாவதா வைங்க, மெம்பர் நம்பர் எல்லாருக்கும் மனப்பாடம், ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங் ரேஷன் கார்டுல ஒரு ஸ்பெல்லிங்னு இருக்கற ஊர்ல நம்பர்தான் நம்பிக்கையானது.)

எஸ்எம்எஸ் அனுப்பறதா சொன்னீங்க. இங்கிலீஷ் எழுத்துல ஒரு எஸ்எம்எஸ்க்கு 160 எழுத்து, தமிழோ மலையாளமோ வந்துட்டா 70தான், அந்த 70ம் மேல சொன்ன மாதிரி கொம்பு கால் எல்லாம் சேத்து, அப்ப பாத்தா நமக்கு கெடைக்கறது சுமாரா 40 எழுத்து. தாண்டினா ரெண்டா உடைஞ்சு ரெண்டு மெசேஜ் காசு ஆகும், உடைஞ்சப்பறம் ஒரு துண்டுக்கு 67தான். அதனால "அன்பார்ந்த உறுப்பினரே" எல்லாம் வேண்டாம், வேளை, லிட்டர், ஃபேட், ரூபா, முடிஞ்சுது. டெம்ப்ளேட்ட முன்னாடியே ரெஜிஸ்டர் பண்ணணுமில்லையா, தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனியா சேத்து பண்ணிடுங்க.

எழுத்து அளவு விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. தமிழுக்கு மேல புள்ளியும் சுழியும் இருக்கு, கீழ உகரத்தோட வாலும் இருக்கு, இங்கிலீஷுக்கு வெச்ச வரி இடைவெளிய அப்படியே விட்டா மேல் வரி வாலும் கீழ் வரி புள்ளியும் இடிச்சுக்கும். எழுத்து உயரத்துக்கு ஒன்றரை மடங்கு விடுங்க, பட்டன்ல இருக்கற வார்த்தை ரெண்டு மூணு மடங்கு நீளும்னு நெனச்சே பட்டன வரைங்க, போன்ல எழுத்த பெருசு பண்ணி வெச்சிருக்கறவங்க திறந்தா உடையாம நிக்கணும்.

இப்ப உங்க டிசைனோட பெரிய விஷயத்துக்கு வர்றேன். மெம்பருக்கு ஆப்பே வேணுமான்னு யோசிச்சீங்களா? என் கருத்து, வேண்டாம். ஆப் வேண்டியது கவுண்டர்ல இருக்கறவருக்கு. மெம்பர் கேன தூக்கிட்டு வர்றாரு, ஊத்தறாரு, எத்தன லிட்டர், ஃபேட் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கறாரு, அடுத்த வேலைய பாக்க கெளம்பிடறாரு. பட்டுவாடா நாள்ல எவ்வளவு வரும்னு தெரியணும், தீவனத்துக்குப் புடிச்சது எவ்வளவுன்னு தெரியணும், அவ்வளவுதான். இதுக்கு ஒரு ஆப் டவுன்லோட் பண்ணி, ரெஜிஸ்டர் பண்ணி, ஓடிபி போட்டுன்னா, அந்த ஓடிபி யாரு போனுக்குப் போகும்? மெம்பர் அம்மா, சொசைட்டில குடுத்த நம்பர் மகனோடது, மகன் கோயம்புத்தூர்ல வேலைல இருக்கான். வீட்ல ஒரே போன், அது யார் கைல இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒரு போன் ஒரு ஆளுன்னு வெச்சு போட்ட டிசைன் எல்லாம் இங்க வந்து இடறி விழும். அதுக்கு ஸ்லிப்பும், எஸ்எம்எஸ்ஸும், ஒரு மிஸ்டு கால் நம்பரும் போதும், கூப்பிட்டா திரும்பக் கூப்பிட்டு அந்த மெம்பர் மொழியிலயே கணக்க படிச்சு சொல்லட்டும். பட்டன் போனுக்குன்னு 2022 மார்ச்சுல வந்த யூபிஐ 123பே-லயும் இந்த மிஸ்டு கால், குரல் மெனு வழியெல்லாம் இருக்கு, அது பழைய டெக்னாலஜின்னு தள்ளற விஷயம் இல்ல.

வாட்ஸ்அப்ப பத்தி கேட்டா நான் சந்தோஷமா ஆமாம்னு சொல்வேன், ஏன்னா அது ஏற்கனவே போன்ல இருக்கு, அதுல எங்க தட்டணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆந்திரா அரசாங்கம் 2025 ஜனவரி 30 அன்னைக்கு மன மித்ரானு வாட்ஸ்அப்லயே 161 சேவைகளோட ஆரம்பிச்சாங்க. புதுசா ஒண்ண கத்துக்க வெக்காம தெரிஞ்ச இடத்துலயே வேலைய முடிச்சுக் குடுக்கறது, இப்ப வந்துட்டு இருக்கற மாற்றங்கள்லயே எனக்கு ரொம்ப நல்லதா படறது இதுதான்.

அப்ப கவுண்டர் ஆப்புக்கு வருவோம், உழைப்பெல்லாம் அங்கதான் போகணும். அங்க கை ஈரமா இருக்கும், டச் ஸ்க்ரீன்ல தண்ணி பட்டா தப்பான இடத்துல தட்டினதா எடுத்துக்கும். ஆண்ட்ராய்டு சொல்றது ஒரு பட்டன் குறைஞ்சது 48 டிபி இருக்கணும்னு, அதாவது 9 மில்லிமீட்டர் போல, இங்க அத விட பெருசா போடுங்க, சேவ்வுக்கும் டெலீட்டுக்கும் நடுவுல நல்லா இடம் விடுங்க. பால் ஃபிட்ஸ்னு ஒரு மனோதத்துவக்காரர் 1954லயே சொல்லிட்டாரு, இலக்கு சின்னதாவும் தூரமாவும் இருந்தா கை போய்ச் சேர்ற நேரம் கூடும்னு, பின்னாடி க்யூ நிக்கறப்ப அந்த நேரம் பெரிய விஷயம். டைப் பண்ண வெக்கறதையே குறைங்க. நிறைய மில்க் அனலைசர்ல சீரியல் போர்ட் இருக்கு, ஃபேட், எஸ்என்எஃப் (கொழுப்பு போக பால்ல இருக்கற மத்த திடப்பொருள்) ரீடிங்க நேரா எடுத்துக்கலாம், எடை மெஷினும் அப்படித்தான். கைல அடிச்சா 4.1 வந்து 41 ஆகும், இத வெச்சு காசு போடற ரேட் சார்ட்ல ஒரு பாயிண்ட் மாறினா மெம்பருக்கு காசு மாறுது, சண்டை வருது.

சிக்னல் போயிடும்னு வெச்சே கட்டுங்க. என்ட்ரி முதல்ல போன்லயோ டேப்லயோ சேவ் ஆகணும், ஸ்லிப் உடனே வரணும், நெட் வந்தப்பறம் மேல போகட்டும். ஒவ்வொரு என்ட்ரிக்கும் அந்த டிவைஸ்லயே ஒரு தனி ஐடி போட்டுடுங்க, அப்பத்தான் ரெண்டு தடவ அழுத்தினாலும், நெட் விட்டு விட்டு வந்து ரெண்டு தடவ போனாலும், சர்வர்ல ஒரு தடவதான் ஏறும். இன்னும் போகாத என்ட்ரி எத்தனைன்னு மேல ஒரு ஓரத்துல தெரியணும், சும்மா சுத்தற வட்டம் போடாதீங்க. ஜேக்கப் நீல்சன்னு ஒரு டிசைன் நிபுணர் சொன்ன அளவு இன்னைக்கும் அப்படியே செல்லுது, 0.1 செகண்டுக்குள்ள பதில் வந்தா உடனே நடந்த மாதிரி இருக்கும், 1 செகண்ட் வரைக்கும் யோசனை அறுபடாது, 10 செகண்ட் தாண்டினா ஆள் கவனம் போயிடும், கவுண்டர்ல இருக்கறவரு அந்த நேரத்துல இன்னொரு தடவ அழுத்தத்தான் செய்வாரு.

வாய்ஸ். இதுதான் ட்ரெண்ட்ல நான் உண்மையாவே உங்கள செய்யச் சொல்றது, ஆனா நீங்க நெனைக்கற திசைல இல்ல. மெம்பர் பேசி ஆப் கேக்கறத விட, ஆப் பேசி மெம்பர் கேக்கறத முதல்ல பண்ணுங்க. கடைல யூபிஐ சவுண்ட் பாக்ஸ் ஏன் இவ்வளவு ஒட்டிக்கிச்சு? கடைக்காரர் போன எடுக்க வேண்டாம், கண்ணாடி தேட வேண்டாம், கை வேலைய நிறுத்த வேண்டாம், காசு வந்துச்சுன்னு காதுல விழுது, பொய்யா ஸ்க்ரீன்ஷாட் காட்டி ஏமாத்தறதுக்கும் வழி கொறஞ்சுது. அதே மாதிரி பால் ஊத்தினதும் ஒரு ஸ்பீக்கர் அந்த மெம்பரோட மொழியில "ஆறரை லிட்டர், ஃபேட் நாலு பாயிண்ட் ரெண்டு"னு சொல்லட்டும். படிக்கத் தெரியாதவங்க பக்கத்துல இருக்கறவங்கள கேக்க வேண்டாம், அளவு சரியா போட்டாங்களான்னு சந்தேகம் வராது. நம்பர் எல்லாம் ரெக்கார்ட் பண்ணி வெச்சுட்டா நெட்டே வேண்டாம். தொகையையும் பாக்கியையும் மட்டும் சத்தமா சொல்ல விடாதீங்க, தீவனக் கடன் எவ்வளவுன்னு க்யூல எல்லாரும் கேக்கக் கூடாது, அது ஸ்லிப்போட நிக்கட்டும்.

பேச்ச புரிஞ்சுக்கற பக்கமும் வேகமாத்தான் வளருது. மத்திய அரசோட மொழிபெயர்ப்பு, பேச்சுத் தளம் பாஷினி 2022 ஜூலைல வந்துச்சு, ஐஐடி மெட்ராஸ்ல இருக்கற ஏஐ4பாரத் இந்திய மொழிகளுக்கு மாடலும் டேட்டாவும் ஓப்பனா குடுக்கறாங்க, எடுத்து ட்ரை பண்ணுங்க. ஆனா நம்ம பக்கத்துப் பேச்சு ஒரு வாக்கியத்துலயே ரெண்டு மொழி, "போன ஆழ்ச்ச பைசா கிட்டல"னு (போன வாரம் காசு கெடைக்கல) ஒருத்தர் சொன்னா அது தமிழா மலையாளமான்னு மெஷின் தேடிட்டு இருக்கும், ஆறரை, ஆறே முக்கால்னு பின்னத்துல அளவு சொல்றதயும் நீங்களே உக்காந்து டெஸ்ட் பண்ணணும். அதனால பேச்சுல கேட்ட நம்பர திரும்பச் சொல்லி ஆமான்னு வாங்காம எந்த கணக்கையும் மாத்த விடாதீங்க.

ஏஐ சாட் பத்தி: ரேட் சொல்றதுக்கு அத வெக்காதீங்க. பால் ரேட்டு ஃபேட், எஸ்என்எஃப் ரெண்டையும் வெச்சு போட்ட சார்ட், அதுல தேடி எடுக்கறது ரெண்டு வரி ப்ரோக்ராம், தப்பே வராது. லாங்குவேஜ் மாடல் அடுத்த வார்த்தை எது வரலாம்னு கணிச்சு எழுதறது, தப்பான தொகைய கூட ரொம்ப உறுதியாச் சொல்லும், மெம்பர் அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு வந்து செக்ரட்டரிகிட்ட நின்னா யாரு பதில் சொல்றது? இன்னொண்ணு, தமிழ அந்த மாடல்ங்க இங்கிலீஷ விட ரொம்ப சின்னச் சின்ன துண்டா உடைச்சுத்தான் படிக்கும், அதனால அதே கேள்விக்கு செலவும் கூட. புகார குரல்ல வாங்கி, இது காசு விஷயம், இது மாட்டு டாக்டர் விஷயம்னு பிரிச்சு விடறதுக்கு வெச்சுக்குங்க, பிரிச்சது தப்பானாலும் ஒரு ஆள் பாத்து திருத்திக்கலாம்.

டார்க் மோட், போன் செட்டிங்ல இருந்தா வரட்டும், நீங்களா போடாதீங்க. வெளிச்சமான ஸ்க்ரீன பாக்கறப்ப கண்ணு பாப்பா சுருங்கும், எழுத்து கூர்மையா தெரியும், வெயில்ல கருப்பு ஸ்க்ரீன்ல முகம்தான் தெரியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5:1 கான்ட்ராஸ்ட் வைங்க, இப்ப ஃபேஷனா இருக்கற வெளிர் சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம்.

கைரேகை லாகின் கண்டிப்பா ஒரே வழியா இருக்கக் கூடாது. பால் கறந்து, புல் அறுத்து, தேங்கா உரிச்சு தேஞ்ச விரல் அது, ரேஷன் கடைலயே படாம திரும்பத் திரும்ப வெச்சுப் பாக்கறத நீங்களும் பாத்திருப்பீங்க. முகத்த காட்டி கண்ண சிமிட்டுங்கன்னு கேக்கற கேஒய்சி (ஆள் அடையாளம் சரிபாக்கறது) பத்தி சுப்ரீம் கோர்ட்டே 2025 ஏப்ரல் 30ல தீர்ப்பு சொல்லியிருக்கு, ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்க கண் சிமிட்ட முடியாம கணக்கு திறக்க முடியலைன்னு போன வழக்கு அது, டிஜிட்டல் சேவைய அணுகறதும் வாழ்ற உரிமைல அடங்கும்னு, அரசியலமைப்பு சட்டப்பிரிவு 21ஐ வெச்சு சொன்னாங்க. மெம்பர் கார்டு, நம்பர், தெரிஞ்ச முகம், இந்த பழைய வழிய மூடாதீங்க.

தீவனக் கம்பெனி, இன்சூரன்ஸ் எல்லாம் உங்க ஆப்ல இடம் கேட்டு வருவாங்க, கண்டிப்பா வருவாங்க. டிக் போட்டே வெச்ச கட்டம், 'வேண்டாம்'ங்கற பட்டன மங்கலா ஒளிச்சு வெக்கறது இதெல்லாம் டார்க் பேட்டர்ன் (ஆள ஏமாத்தி சம்மதிக்க வெக்கற டிசைன்), 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைய பட்டியல் போட்டு தடை பண்ணியிருக்கு. பால் காசுல புடித்தம் பண்ற எந்த சம்மதமும் மெம்பர் படிக்கற மொழியில இருக்கணும். 2023 டேட்டா பாதுகாப்பு சட்டமும் சம்மத அறிவிப்ப அரசியலமைப்போட எட்டாவது அட்டவணைல இருக்கற 22 மொழியில எதுல கேட்டாலும் படிக்க வசதி இருக்கணும்னுதான் சொல்லுது, தமிழும் மலையாளமும் ரெண்டும் அதுல இருக்கு.

டெஸ்டிங் ஆபீஸ்ல பண்ணாதீங்க, காலைல பால் ஊத்தற நேரத்துல சொசைட்டி திண்ணைல உக்காருங்க. நீல்சன் கணக்குப்படி 5 பேர் பயன்படுத்தறத பாத்தா பெரும்பாலான குறை, சுமாரா 85 சதவீதம், வெளிய வந்துடும், ஆனா அது ஒரே மாதிரி ஆளுங்களுக்கு. இங்க தமிழ் படிக்கறவங்க, மலையாளம் படிக்கறவங்க, ரெண்டும் படிக்க வராதவங்கன்னு மூணு கூட்டம், ஒவ்வொண்ணுலயும் நாலு பேர்னு பாருங்க. எப்படி இருக்குங்கன்னு கேக்காதீங்க, நம்மூர்ல வீட்டுக்கு வந்த புள்ளைகிட்ட யாரும் நல்லால்லைன்னு சொல்ல மாட்டாங்க. "போன பட்டுவாடால தீவனத்துக்கு எவ்வளவு புடிச்சாங்கன்னு இந்த ஸ்லிப்ல காட்டுங்க அம்மா"ன்னு வேலை குடுங்க, குடுத்துட்டு வாயத் திறக்காம விரல் எங்க போகுதுன்னு பாருங்க.

ஸ்லிப்பு பத்தி ஒண்ணு பாக்கி. 58 எம்எம் தெர்மல் பிரிண்டர்ல பெரும்பாலும் தமிழ் ஃபாண்டும் இருக்காது மலையாள ஃபாண்டும் இருக்காது, எழுத்தா அனுப்பினா கட்டம் கட்டமா வரும். அதனால ஸ்லிப்ப போன்லயே படமா வரைஞ்சு அனுப்பணும், அகலம் 384 டாட், அதுக்கு மேல இடம் இல்ல, வரிக்கு ஒரு விஷயம்னு போட்டு லிட்டரையும் தொகையையும் நல்லா பெருசா விடுங்க. தெர்மல் காகிதம் சூட்டுல வெளுத்துடும், ஜன்னல் ஓரம் குத்தி வெச்ச ஸ்லிப்புல கொஞ்ச நாள்ல ஒண்ணும் தெரியாது, அதனால பாஸ்புக்க நிறுத்தச் சொல்லாதீங்க, மாசக் கணக்க அதுல எழுதியோ சாதா பிரிண்டர்ல எடுத்தோ குடுக்கட்டும். உங்க சொசைட்டில எந்த மாடல் பிரிண்டர், ப்ளூடூத்தா யூஎஸ்பியான்னு சொல்லுங்க, படமா அனுப்பறப்ப வேகம் எப்படி வரும்னு அத வெச்சு எழுதறேன்.